கடைசியாக எப்போது வந்தது?

ஒப்பரேஷனுக்காக வாட்டில் சேரும் பெண்ணின் பெயர், வயது, விலாசம் எல்லாம் டிக்கட்டில் ஏறிய கையோடு இன்னொரு கேள்வியும் வரும். மிஸ்ஸி குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "கடைசியா எப்ப வந்தது?" பதில், எல்.எம்.பி. என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் ஒரு திகதியாகப் பதியும். வயிற்றில் பிள்ளை இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் முதலில் இதைக் கேட்கிறார்கள். கேட்கப்படுகிறவளின் மனதில் ஓடுவது வேறு. எல்கடுவப் பக்கமிருந்தோ இரத்தோட்டைக்கு மேலே உள்ள தோட்டமொன்றிலிருந்தோ விடியற்காலை பஸ் ஏறி மாத்தளைக்கு வந்தவள், "இன்னைக்குத்தான் சொகமில்லாம போச்சு மிஸ்ஸி" என்று சொல்லும்போது அதற்குள் இரண்டு பயங்கள் இருக்கின்றன. ஒன்று தீட்டு. தியேட்டர் என்ற இடத்துக்கு அந்த நிலையில் போகலாமா என்ற கூச்சம். மற்றது, ஏற்கெனவே இரத்தம் போய்க்கொண்டிருக்கிற உடம்பில் கத்தி வைத்தால் நிற்குமா என்பது.

முதலாவதுக்கு மருத்துவத்தில் பதில் இல்லை, தேவையும் இல்லை. இரண்டாவது நியாயமான கேள்வி. மாதவிடாய் நாட்களில் சத்திரசிகிச்சையை ஒத்திப்போடும் வழக்கம் உலகின் பல பாகங்களில் இருந்திருக்கிறது. அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில் ஓர் உண்மை கிடக்கிறது. அது நாம் தேடும் இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

மாதவிடாய் இரத்தம் எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். கர்ப்பம் தங்காத மாதத்தின் முடிவில் புரொஜெஸ்தரோன் சரிகிறது. கருப்பையின் உட்படலத்துக்குள் ஓடும் சுருள் நாடிகள் இறுகித் தளர்கின்றன, படலம் சிதைந்து உதிர்கிறது. உதிர்வது உறைந்து அடைத்துக்கொள்ளாமல் வெளியேற வேண்டும்; அதற்காக அந்தப் படலத்திலேயே இரத்தக்கட்டியைக் கரைக்கும் நொதிகள் நிறைய உண்டாகின்றன. மாதவிடாய் இரத்தம் பெரும்பாலும் உறையாமல் வருவதற்குக் காரணம் இதுதான். இரத்தம் முழுவதும் 'இளகிப்' போய்விட்டது என்று அர்த்தமில்லை. இந்த ஏற்பாடு ஒரு விரற்கடைக்கும் குறைந்த தடிப்புள்ள படலத்துக்குள் நடந்து முடிகிறது. ஹேர்னியாவுக்கோ பித்தப்பைக்கோ உடைந்த எலும்புக்கோ கத்தி படும் இடம்வரை அது போய்ச் சேர்வதில்லை.

இருந்தாலும் ஹோர்மோன்கள் உடம்பு முழுக்கச் சுற்றுகின்றனவே? அவை இரத்தத்தின் உறைதிறனைத் தொடாமல் விடுமா? தொடுகின்றன. வொன் வில்லிபிராண்ட் காரணி என்ற புரதம், காயம்பட்ட நாளத்தின் சுவரில் குருதிச் சிறுதட்டுகளை ஒட்டவைக்கிறது. சுழற்சி நெடுகிலும் அளந்து பார்த்த ஆய்வுகளைத் திரட்டினால், மாதவிடாய் நாட்களிலும் அதை அடுத்த சில நாட்களிலும் அது சற்றுத் தாழ்ந்தும், பிற்பாதியில் சற்று உயர்ந்தும் இருப்பது தெரிகிறது. ஆக, பயந்த பெண்ணின் ஊகத்துக்கு ஆய்வுகூடத்தில் ஒரு சின்னச் சான்று உண்டு. ஆனால் அந்த ஏற்றவிறக்கம் சிறியது, ஆரோக்கியமான பெண்ணில் இயல்பான எல்லையைத் தாண்டாதது. அதோடு இந்தப் புரதம் பதற்றம், வலி, காயம் எதுவந்தாலும் தானாகவே ஏறிவிடும். தியேட்டர் மேசையில் படுத்திருப்பவளின் உடம்பு, கத்தி பட்டதும் அதை இன்னும் ஏற்றும். மாதச் சுழற்சி இறக்கிவைத்த கொஞ்சம் அந்த ஏற்றத்தில் காணாமற்போகும்.

ஒப்பரேஷன்களிலேயே நேரடியாகப் பார்த்தவர்களும் உண்டு. மூக்கை வடிவமைக்கும் சிகிச்சை, மார்பகத்தைச் சிறிதாக்கும் சிகிச்சை, முள்ளந்தண்டை நிமிர்த்தும் சிகிச்சை என்று பலவற்றில் சுழற்சியின் நாளையும் இழந்த இரத்தத்தையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். சிலவற்றில் மாதவிடாயை ஒட்டிய நாட்களில் கொஞ்சம் கூடுதலாகப் போனதாகத் தெரிந்தது, சிலவற்றில் வித்தியாசமே இல்லை. கூடுதலாகக் கண்டவற்றிலும் நோயாளியின் கதியை மாற்றும் அளவுக்கு எதுவும் தேறவில்லை. மாதவிடாய் என்ற ஒரே காரணத்துக்காகச் சத்திரசிகிச்சையை ஒத்திவைக்கும்படி வழமையான வழிகாட்டல்கள் கேட்பதில்லை.

இந்த ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்படுவதில் ஆச்சரியமில்லை. தியேட்டரில் போகும் இரத்தத்தை அளப்பது அவ்வளவு கரடுமுரடான வேலை. உறிஞ்சுகுழாய்ப் போத்தலில் இருப்பதில் கழுவ ஊற்றிய நீரைக் கழிக்கவேண்டும். நனைந்த துணிகளைத் தராசில் போட்டு உலர்ந்த நிறையைக் கழித்து, ஒரு கிராமுக்கு ஒரு மில்லிலீற்றர் என்று கணக்கெடுக்கவேண்டும். மேலங்கியிலும் தரையிலும் சிந்தியதைக் கண்மதிப்பாகச் சேர்க்கவேண்டும். வெட்டுபவரின் கை, எடுத்த நேரம், மயக்கத்தின்போது இருந்த இரத்த அழுத்தம் ஆகிய ஒவ்வொன்றும் நூறு மில்லிலீற்றரை இங்குமங்கும் தள்ளிவிடக்கூடியது. இத்தனை இரைச்சலுக்குள் சில மில்லிலீற்றர் வித்தியாசத்தைப் பிடிக்க ஆயிரக்கணக்கான பெண்கள் தேவை.

சிறிய ஆய்வுகள் எப்படி ஆசைகாட்டும் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஒரு கதை இருக்கிறது. இரத்தப்போக்குப் பற்றியதல்ல, ஆனால் இதே நாட்காட்டி பற்றியது. 1991இல் 'லான்செட்' இதழில் லண்டன் கைஸ் வைத்தியசாலையிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. எழுதியவர்களில் முதலாமவர் பின்னாளில் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் தலைவரான ராஜேந்திர பட்வே. மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்த, மாதவிடாய் நிற்காத 249 பெண்களின் பழைய பதிவேடுகளை அவர்கள் புரட்டினார்கள். கடைசி மாதவிடாய் தொடங்கி 3 முதல் 12 நாட்களுக்குள் வெட்டப்பட்டவர்களில் பத்தாண்டு உயிர்வாழ்ந்தோர் நூற்றுக்கு 54. மற்ற நாட்களில் வெட்டப்பட்டவர்களில் 84. இவ்வளவு பெரிய இடைவெளியை எந்த மருந்தும் சுலபத்தில் தருவதில்லை. உலகம் பரபரத்தது. தத்தம் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தவர்களில் சிலருக்கு அதே முடிவு கிடைத்தது, சிலருக்கு ஒன்றுமே இல்லை, சிலருக்குத் தலைகீழாக வந்தது.

எனக்குப் பட்வேயிடம் பிடித்தது அதற்குப் பிறகு அவர் செய்தது. தன் கண்டுபிடிப்பைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு திரியாமல், அதைச் சோதனைக்கு உட்படுத்தினார். இந்தியாவில் ஆயிரம் பெண்களைச் சீட்டுக்குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சத்திரசிகிச்சைக்கு 5 முதல் 14 நாட்கள் முன்னர் ஒரு புரொஜெஸ்தரோன் ஊசி போட்டார்கள். சுழற்சியின் பிற்பாதியைச் செயற்கையாக உண்டாக்கும் யுக்தி. 2011இல் முடிவு வெளிவந்தது. மொத்தத்தில் நிச்சயமாகச் சொல்லத்தக்க பலன் கிடைக்கவில்லை. நிணக்கணுக்களுக்குப் பரவியிருந்தவர்களில் மட்டும் நோய் மீளாதிருப்பதில் ஒரு நன்மை தெரிந்தது. முப்பது வீத இடைவெளி எங்கே, இது எங்கே! இன்றைக்கு மார்பகப் புற்றுநோய்க்கான திகதி காலண்டரில் மாதவிடாயைப் பார்த்துக் குறிக்கப்படுவதில்லை.

மாத்தளைக்குத் திரும்புவோம். தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை, நாலந்தை என்று நடந்து மலையடிவாரத்துக்கு ஏறிய பாதையின் முனையில் இருக்கிறது இந்த ஊர். முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகத் தேர் இன்றும் மாவட்டத்துப் பெண்களின் நாட்காட்டியில் பெரிய நாள். தேருக்கு முந்திய வாரம் பாமசிக்குப் போய், 'தள்ளிப்போடுற குளிசை' கேட்பது இங்கு யாருக்கும் புதினமில்லை. கல்யாணம், சாமத்தியச் சடங்கு, கோயில் என்று எல்லாவற்றுக்கும் அந்தக் குளிசைதான். பெயர் நோரெதிஸ்தரோன். நாளுக்கு மூன்று தடவை, ஒவ்வொன்றும் 5 மில்லிகிராம்.

அதே குளிசையை ஒப்பரேஷன் திகதிக்காகவும் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. இங்கேதான் கணக்கு தலைகீழாகிறது. அந்த அளவில் எடுக்கும்போது நோரெதிஸ்தரோனின் ஒரு பகுதி உடம்புக்குள் எதினைல் ஈஸ்திரடயோலாக மாறுகிறது. வழமையான கருத்தடைக் குளிசைகளில் உள்ள அதே ஈஸ்திரஜன்தான் அது. அளவும் அதற்குக் கிட்டத்தட்டச் சமம். அந்த ஈஸ்திரஜன் இரத்தத்தை உறையும் பக்கம் சாய்க்கும். கால் நாளங்களில் கட்டி உண்டாகி நுரையீரலுக்குப் போகும் ஆபத்து, பெரிய ஒப்பரேஷனுக்குப் பிறகு நடமாட்டமின்றிக் கிடக்கும்போது கூடும் என்பதால்தான், ஈஸ்திரஜன் கலந்த கருத்தடைக் குளிசைகளை நான்கு வாரம் முன்பே நிறுத்தும்படி வைத்தியர்கள் சொல்கிறார்கள். இல்லாத அளவுக்குச் சிறிய ஓர் இரத்தப்போக்குப் பயத்துக்காக, நிஜமான ஓர் உறைதல் ஆபத்தைக் காசு கொடுத்து வாங்குவது இது. அந்தக் குளிசை போட்டிருந்தால் வாட்டில் சொல்லவேண்டும். கேட்காவிட்டாலும் சொல்லவேண்டும். 'கோயில் குளிசை'யை மருந்து என்றே யாரும் நினைப்பதில்லை, "என்ன மருந்து எடுக்கிறீங்க?" என்றால் "ஒண்டுமில்ல" என்ற பதில்தான் வரும்.

வயிற்றுவலிக்குப் போடும் குளிசையும் இந்த 'ஒண்டுமில்ல'வுக்குள் ஒளிந்துகொள்ளும். மாதாமாதம் அந்த வலிக்காகக் கடையில் வாங்கும் டிஸ்பிரின், அதாவது அஸ்பிரின், தொட்ட குருதிச் சிறுதட்டு ஒவ்வொன்றையும் அதன் ஆயுள் முழுவதற்கும் செயலிழக்கச் செய்கிறது. புதிய தட்டுகள் வந்து ஈடுசெய்ய ஒரு வாரம் பத்து நாள் ஆகும். மெஃபனமிக் அசிட் போன்றவற்றின் விளைவு அவ்வளவு நேரம் நீடிப்பதில்லை. 'மாதவிடாயில் வெட்டினால் அதிகமாக இரத்தம் போகிறது' என்று எந்தக் காலத்திலாவது ஒரு சத்திரசிகிச்சை நிபுணருக்குத் தோன்றியிருந்தால், அவர் பார்த்தது மாதவிடாயையா, அதற்காகப் போட்ட அஸ்பிரினையா என்று கேட்பது நியாயம்.

திகதி இவ்வளவு குறைவாகத்தான் சொல்கிறது என்றால், அளவு நிறையச் சொல்கிறது. 1966இல் சுவீடனின் கோதன்பேர்க் நகரில் 476 பெண்களின் மாதவிடாய்த் துணிகளைச் சேகரித்து, அவற்றிலிருந்த இரத்தத்தை இரசாயன முறையில் அளந்தார்கள். சராசரி 40 மில்லிலீற்றரைச் சற்றுத் தாண்டியது. 80க்கு மேலே போனவர்களிடம் இரும்புக் குறைபாடு தெளிவாகத் தெரிந்தது. ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு. மாதம் 80 மில்லிலீற்றர் போனால் 40 மில்லிகிராம் இரும்பு போகிறது. சாப்பாட்டிலிருந்து குடல் உறிஞ்சக்கூடியது நாளுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். வரவும் செலவும் அங்கேயே இடிபடத் தொடங்குகின்றன.

அளவைப் பெண்களிடம் கேட்டறிவது சிரமம். 1990இல் பிரிட்டனில் ஒரு படஅட்டை உருவாக்கினார்கள். இலேசாக நனைந்த பேட்டுக்கு 1 புள்ளி, ஓரளவு நனைந்ததற்கு 5, முழுக்க ஊறியதற்கு 20. மொத்தம் நூறைத் தொட்டால் அது அதிகப்போக்கு. நல்ல கருவிதான், ஆனால் பேட் பாவிப்பவர்களுக்கு. இலங்கையில் இறக்குமதிப் பேட்டுகள் மீதான மொத்த வரி 2018 வரையில் நூறு வீதத்தைத் தாண்டியிருந்தது. பழைய சேலைத்துணியைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டு கொழுந்துக்கோ ரப்பர் பால் வெட்டவோ போகிறவளிடம் இந்த அட்டையை நீட்டினால் என்ன பயன்? வேறு மாதிரிக் கேட்கவேண்டும். இரவில் எழும்பித் துணி மாற்றவேண்டி வருகிறதா? பாயில் படுகிறதா? கட்டி கட்டியாகப் போகிறதா? ஏழு நாளுக்கு மேல் நீள்கிறதா? வயதுக்கு வந்த நாளிலிருந்தே இப்படித்தானா?

கடைசிக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. 1920களில் பின்லாந்தின் ஓலண்ட் தீவுகளிலிருந்து ஒரு சிறுமியை எரிக் வொன் வில்லிபிராண்ட் என்ற வைத்தியரிடம் கொண்டுவந்தார்கள். மூக்கிலும் முரசிலும் சும்மா சும்மா இரத்தம் வரும். அவளுடைய சகோதரிகளில் சிலர் ஏற்கெனவே இரத்தப்போக்கில் இறந்திருந்தார்கள். அவளும் பதின்ம வயதில், வயதுக்கு வந்த சில மாதங்களுக்குள், மாதவிடாயின்போதே இறந்துபோனாள். 1926இல் அவர் விவரித்த அந்தப் பரம்பரை நோய்தான் இன்று அவர் பெயரில் வழங்குகிறது. முன்னே சொன்ன புரதம் பிறவியிலேயே குறைவாகவோ குறையுடனோ இருப்பது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்த 2004ஆம் ஆண்டுக் கணிப்பின்படி, அதிக மாதவிடாய்ப் போக்குள்ள பெண்களில் சுமார் 13 வீதத்தினருக்கு இது இருக்கிறது. அவர்களில் பலருக்கு அது தெரியாது. அம்மாவுக்கும் அப்படித்தான், அக்காவுக்கும் அப்படித்தான் என்பதால் வீட்டில் அது நோயாகவே தோன்றுவதில்லை. இப்படிப்பட்ட ஒருத்திக்குத் தியேட்டரில் இரத்தம் நிற்காமல் போகலாம். மாதத்தின் எந்த நாளிலும் போகலாம். அன்று தற்செயலாக மாதவிடாயும் இருந்துவிட்டால் பழி அதன் தலையில் விழும்.

இரண்டு இரத்தப்போக்குகளையும் இணைக்கும் மருந்து ஒன்று உண்டு. ஜப்பானிய விஞ்ஞானத் தம்பதிகளான உதாகோ, ஷொசுகே ஒகமோட்டோ 1962இல் வெளியிட்ட டிரனெக்சாமிக் அசிட். இரத்தக்கட்டி கரைவதை அது தடுக்கிறது. அதிக மாதவிடாய்க்குக் குளிசையாகக் கொடுப்பதும் அதுவே, ஒப்பரேஷனில் ஊசியாகப் போடுவதும் அதுவே. 2022இல் வெளிவந்த, 9,535 நோயாளிகளைக் கொண்ட பன்னாட்டுச் சோதனையில், இதயம் தவிர்ந்த பெரிய சத்திரசிகிச்சைகளில் கடுமையான இரத்தப்போக்கை அது 11.7 வீதத்திலிருந்து 9.1 வீதமாகக் குறைத்தது.

ஆனால் மாத்தளையின் மலைப்பக்கத்துப் பெண்ணைப் பொறுத்தவரை தியேட்டருக்குள் எவ்வளவு போகிறது என்பதைவிட, எவ்வளவோடு அவள் உள்ளே போகிறாள் என்பது முக்கியம். குருதிச்சோகை இந்த மண்ணுக்குப் பழைய விஷயம். ரொக்கபெலர் நிறுவனம் இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கத் தேர்ந்துகொண்ட இடம் மாத்தளைப் பகுதித் தோட்டங்கள், ஆண்டு 1916. தொழிலாளரை வரிசையில் நிறுத்திப் பேதிமருந்தும் செனோபோடியம் எண்ணெயும் கொடுத்தார்கள். புழு போனது. லயத்துக்கு மலசலகூடம் கட்டும் செலவுக்குத் துரைமார் மனம் வைக்காத இடங்களில் புழு திரும்பி வந்தது. கொக்கிப்புழு குடல் சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கிறது. நெக்கேட்டர் இனத்துப் புழுவொன்று நாளுக்குக் குடிப்பது சுமார் 0.03 மில்லிலீற்றர்தான். நூறு புழு இருந்தால் நாளுக்கு 3, மாதத்துக்கு 90 மில்லிலீற்றர். அதில் கொஞ்ச இரும்பு குடலில் திரும்ப உறிஞ்சப்படும் என்றாலும், இது அதிகப்போக்குள்ள ஒரு மாதவிடாய்க்குச் சமம். முப்பது நாளும் யாருக்கும் தெரியாமல், ஆண்களுக்கும் சேர்த்து நடக்கும் மாதவிடாய்.

புழு இன்று வெகுவாகக் குறைந்துவிட்டது. குருதிச்சோகை குறைந்த வேகம் அப்படியில்லை. ஐம்பது கிலோ எடையுள்ள பெண்ணின் உடம்பில் ஏறத்தாழ மூன்றேகால் லீற்றர் இரத்தம் இருக்கும். ஒப்பரேஷனில் அரை லீற்றர் போகிறது என்று வைப்போம். அது இரத்ததானத்தில் எடுக்கும் 450 மில்லிலீற்றரைவிடச் சற்றே கூடுதல். உட்செலுத்தும் திரவம் வெற்றிடத்தை நிரப்பிய பிறகு, 12 கிராம் ஹீமோகுளோபினோடு போனவள் பத்துச் சொச்சத்தோடு வெளியே வருவாள்; களைப்பாக இருக்கும், சமாளித்துவிடுவாள். 8 கிராமோடு போனவள் 7க்குக் கீழே இறங்கிவிடுவாள். 7 என்பது பொதுவாக இரத்தம் ஏற்ற முடிவெடுக்கும் எல்லை. இருவரும் இழந்த இரத்தம் ஒரே அளவு. இரண்டாமவளின் டிக்கட்டில் எல்.எம்.பி. எந்தத் திகதியாக இருந்தாலும் இந்தக் கணக்கில் ஒரு தசமம்கூட மாறாது. அவளை எட்டுக்குக் கொண்டுவந்தது பல வருடத்து மாதவிடாய்களாக இருக்கலாம் என்பதுதான் நான் ஆரம்பத்தில் சொன்ன அந்த உண்மை.

திகதி நிஜமாகவே முக்கியமாகும் இடங்களும் உண்டு, சொல்லிவிடுகிறேன். தோட்டங்களில் எல்.ஆர்.டி. என்ற பெயரில் எல்லோருக்கும் தெரிந்த குடும்பக் கட்டுப்பாட்டு ஒப்பரேஷனைப் பிரசவத்தோடு செய்யாவிட்டால், மாதவிடாய் தொடங்கிய ஒரு வாரத்துக்குள் செய்வது நல்லது. கரு தங்கியிருக்க வாய்ப்பில்லை என்பதே காரணம். கருப்பைக்குள் கமரா விட்டுப் பார்ப்பதற்கு மாதவிடாய் முடிந்த கையோடு வரும் நாட்களில் படலம் மெல்லியதாக இருக்கும், பார்வை தெளிவாக இருக்கும். கருத்தடைக்காக டீப்போ ஊசி போட்டிருப்பவளுக்கோ இந்தக் கேள்வியே செல்லாது; மாதக்கணக்கில் வராமலும் இருக்கும், சொட்டுச் சொட்டாக வந்துகொண்டும் இருக்கும்.

மற்றவர்களுக்கு, அன்று வந்துவிட்டது என்பதற்காகத் திரும்பிப் போகவேண்டியதில்லை. மிஸ்ஸியிடம் சொல்லி ஒரு பேட் வைத்துக்கொண்டால் போதும். திரும்பிப் போனால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகும், பஸ் காசு போகும், அடுத்த திகதி எப்போது என்று தெரியாது. ஒத்திப்போட வேண்டியது குருதிச்சோகைக்காக. அதையும் வாட்டில் சேரும் நாளில் கண்டுபிடித்துப் பயனில்லை. கிளினிக்கில் பெயர் பதியும் முதல் நாளிலேயே விரல்நுனி இரத்தத்தைப் பார்த்து, மாதவிடாயின் அளவு பற்றிய அந்தக் கேள்விகளையும் கேட்டுவிட்டால், காத்திருப்புப் பட்டியலின் மாதங்களே மருந்துக்குப் போதுமானவை. இரும்புக் குளிசை ஒழுங்காக எடுத்தால் இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் ஹீமோகுளோபின் ஏறத் தொடங்குவது தெரியும். ஏறாவிட்டால் தலசீமியா போன்ற வேறு காரணங்களைத் தேடவேண்டும்; பக்கத்துக் குருநாகலில் அதற்கென்றே பெரிய சிகிச்சை நிலையம் இருக்கிறது. குளிசையைச் சாப்பாட்டுக்கு முன், தேசிக்காய்த் தண்ணியோடு எடுப்பது நல்லது. பிளேன்டீயோடு மட்டும் வேண்டாம். சாயத்தில் உள்ள டனின் இரும்பைப் பிடித்துக்கொண்டு உறிஞ்ச விடாது, ஆகையால் ஒரு மணித்தியாலமாவது கழித்துக் குடிக்கட்டும்.